தானாகத் திறக்கும் பக்கம்

ஜைதூன் பீக்குப் புத்தகம் என்றால் இளக்காரம். புத்தகம் படிக்கிறவர்கள் என்றால் அதைவிட இளக்காரம். ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் பைண்டர் மெஹபூப் பாஷாவின் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் மடித்த தாள்களையெல்லாம் விரித்துப் போட்டால் சாந்தோம் கடற்கரை வரைக்கும் பாய் போட்டுவிடலாம். அத்தனையும் நல்ல நல்ல புத்தகங்கள். மனசைத் திருத்துகிற புத்தகம், ஆத்மாவை உயர்த்துகிற புத்தகம், கவலையை விரட்டுகிற புத்தகம்.

"இவ்ளோ ஞானம் இந்த வீட்டு வாசப்படி தாண்டிப் போயிக்கீது. ஊருல எவனாவது திருந்தினானா? பொஸ்தகம் கொண்டாந்து போடற வண்டிக்காரனே நேத்து மாட்டெ அந்த அடி அடிக்கிறான்" என்பாள்.

அவளுக்கு உருது எழுத்துத் தெரியும். தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. பைண்டிங் வேலைக்கு எழுத்துத் தேவையில்லை, எண் தெரிந்தால் போதும்.

அச்சுக்கூடத்திலிருந்து புத்தகம் புத்தகமாக வராது, தாள் தாளாக வரும். ஒரு பெரிய தாளில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு, ஆகப் பதினாறு பக்கம். விரித்துப் பார்த்தால் ஏதோ குடிகாரன் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஒன்றாம் பக்கத்துக்குத் துணையாகப் பதினாறாம் பக்கம் நிற்கும். அவற்றின் தலைமாட்டில் எட்டும் ஒன்பதும் தலைகீழாகக் கிடக்கும். ஆனால் மூன்றே மடிப்புத்தான். மாட்டெலும்பில் தேய்த்த தட்டையால் ஒவ்வொரு மடிப்பையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் பதினாறும் வரிசையாக வந்து நின்றுவிடும். எங்கே எந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தவன் மட்டும் நிஜமான புத்திசாலி என்பது ஜைதூனின் கட்சி. மடித்த கட்டுக்கு ஃபாரம் என்று பேர். ஃபாரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, தைத்து, முதுகில் பசை தடவி, அட்டை போட்டால் புத்தகம்.

கத்திரி வெயில் நாள். மைதாப் பசை காலையில் காய்ச்சினால் மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கிவிடுகிறது. மெஹபூப் பாஷா கொஞ்சம் கூடுதலாக மயில்துத்தம் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். ஜைதூன் முந்தின நாள் தால்சாக் குழம்பைச் சுடவைத்து இறக்கிவிட்டு மடிப்பில் உட்கார்ந்திருந்தாள். அப்போது சங்கரன் வந்தார்.

சங்கரன் அச்சுக்கூடத்து மானேஜர், மயிலாப்பூர்க்காரர். மெஹபூப் பாஷாவின் அடுப்பு எரிவது அந்த ஒரு அச்சுக்கூடத்து வேலையில்தான். வழக்கமாக ஆள் அனுப்புகிறவர், அன்றைக்குத் தானே குடையோடு வந்து வாசலில் நின்றார். கையில் நீல அட்டை போட்ட புத்தகம்.

"பாய், இது உங்க கை வேலைதானே?"

மெஹபூப் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். 'ஹிருதய கமல விகாஸம்'. ரெயில்வே ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற சுப்பராமன் எழுதியது. மனிதன் மனமலர்ந்து வாழும் வழிகளைச் சொல்லுகிறது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. தை மாதம் அவருடைய அறுபதாங் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு பிரதி.

"நம்ம வேலைதான் சாமி. தையல் விட்டுப் போச்சா?"

"தையல் விட்டிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல வரேன்? பக்க நம்பரைப் பாருங்கோ."

மெஹபூப் பாஷா புரட்டினார். தலைப்பு, ஆசிரியரின் போட்டோ, பெரிய மனிதர்களின் பாராட்டு, முன்னுரை எல்லாம் சரி. அதற்கு அடுத்த பக்கம் அறுபத்தைந்து. அவர் புரட்டப் புரட்ட முகம் சாம்பல் பூத்தது. எண்பது வந்தபின் நாற்பத்தொன்பது. அறுபத்துநாலுக்கு எதிரே முப்பத்துமூன்று. கடைசியில் ஒன்று முதல் பதினாறு, அதோடு புத்தகம் பாதி வாக்கியத்தில் நின்றது.

"அல்லா! ஃபாரம் பின்னாலேருந்து முன்னாடி போயிக்கீது!"

"அத்தனை பிரதியும் அப்படித்தான். ரெண்டாம் பதிப்புப் போடணும்னு அவர் சொன்னார். கம்பாஸிட்டர்ட்ட இதைக் குடுத்தா, 'அறுபத்தஞ்சுலேருந்து ஆரம்பிக்கறதே ஸார், அப்படியே கோக்கட்டுமா?'ங்கறான். அப்புறம்தான் நானே புரட்டிப் பார்த்தேன்."

உள்ளே கதவோரம் நின்ற ஜைதூன் கேட்டாள். "தை மாசம் குடுத்தது சாமி. இப்போ வைகாசி. இத்தினி நாளும் யாரும் பாக்கலியா?"

சங்கரன் குடையை மடக்கினார்.

"படிச்சவங்களாப் பாத்துத்தானே குடுத்தீங்க?"

"எல்லாம் பி.ஏ., பி.எல். தான்."

"அதான் பாத்தேன்" என்றாள் ஜைதூன். "எழுதினவராச்சும் தொறந்து பாக்க மாட்டாரா?"

"அவர் பிரதி பூஜை அலமாரில இருக்கு. சந்தனமும் குங்குமமும் வெச்சு." சங்கரன் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் அவருக்குத் தெரியாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாயந்தரம் அவாத்துல இந்தப் புஸ்தகத்தை வாசிக்கக் கூட்டம் கூடறது. நீங்களே வந்து ஒத்துண்டுடுங்கோ. நான் சொன்னா பிரஸ் தப்புன்னுதான் ஆகும். அவர் கோவிச்சுண்டு வேற பிரஸ்ஸுக்குப் போனா முதலாளி உங்களுக்கு இனி ஒரு தாள் தரமாட்டார். கையைக் காலைப் பிடிச்சாவது சமாதானம் பண்ணணும்."

அவர் போன பிறகு மெஹபூப் பாஷா பசையைக் கிண்ட மறந்து உட்கார்ந்துவிட்டார். அடி பிடித்த வாசனை வந்தது. ஜைதூன் சட்டியை இறக்கி வைத்தாள்.

எப்படி நடந்தது என்று இரண்டு பேருக்கும் சொல்லாமலே தெரியும். ஃபாரங்களைப் பாயில் வரிசையாகக் குவித்து வைத்து, ஓரத்திலிருந்து நடந்துகொண்டே குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடியில் அடியில் சேர்க்க வேண்டும். தமிழ்ப் புத்தகத்துக்கு இடது ஓரத்திலிருந்து நடக்க வேண்டும். உருதுப் புத்தகம் வலது பக்கமாகத் திறப்பதால் வலது ஓரத்தில் தொடங்க வேண்டும். இந்த வீட்டில் இரண்டும் வரும். தமிழ் மட்டும் கட்டுகிற பைண்டருக்கு இந்தத் தப்பு வரவே வராது. அந்த மாதம் முழுக்க அவர்கள் ஓர் உருதுத் தொழுகைப் புத்தகம் கட்டியிருந்தார்கள். நடுவில் இந்த நீலப் புத்தகம் அவசரமாக வந்தது. மெஹபூப் பாஷா குவியலை இடமிருந்து வைத்தார். ஜைதூன் வலமிருந்து நடந்தாள். தலைப்பும் முன்னுரையும் அடங்கிய ஃபாரம் எப்போதும் கடைசியாகத்தான் அச்சாகி வரும். அதை அவர் தனியாக மேலே வைத்து மூடினார். தலை சரியாக இருந்ததால் உடம்பு திரும்பிக் கிடந்தது தெரியவில்லை. வழக்கமாகத் தைக்கும் முன் ஒரு தடவை நம்பர் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர்கள் மகள் ஜஹீதாவுக்கு மூன்றாம் நாள் ஃபாத்திஹா. தலைப்பிரசவத்தில், புகுந்த வீட்டில், தாயும் குழந்தையுமாகப் போய்விட்டார்கள். ஓதி முடித்து, வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சாயந்தரம் அச்சுக்கூடத்து வண்டி வந்துவிடும். ஜைதூன் நடுவிலிருந்து எழுந்தாள். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். பானையிலிருந்து ஒரு லோட்டா தண்ணீர் மொண்டு குடித்தாள். "தாளு எங்கே?" என்றாள்.

"ஜஹீதா விஷயத்தச் சொல்லிடுவோம்" என்றார் மெஹபூப் பாஷா. "அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க. கேட்டா மனசு எளகும்."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க." ஜைதூன் எலும்புத் தட்டையைக் கீழே வைத்தாள். "எம் பொண்ணு மய்யித்த அந்தாளு வாசல்ல எறக்கி வெச்சு, வேலை குடுங்கன்னு கேப்பீங்களா?"

"பின்னே இன்னா சொல்றது?"

"கை மாறிப் போச்சுன்னு சொல்லுங்க. மாறித்தானே போச்சு? அடுக்கினவ நான். நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீங்க அழுதுடுவீங்க. அதுக்கு."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். ஜைதூன் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். மவுண்ட் ரோடைத் தாண்டி, தேனாம்பேட்டைத் தோட்டங்கள் வழியாக நடை. கீரைப் பாத்திகளுக்கு ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுப்பராமனின் புது வீட்டில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வண்டி நிற்கும் முகப்பில் சங்கரன் இவர்களுக்காகக் காத்திருந்தார்.

ஹாலில் கூட்டம். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஊதுவத்தி, நடுவில் மணைமேல் புத்தகம். ஒருவர் முதல் பக்கத்தை ராகத்தோடு வாசித்தார். அதாவது அறுபத்தைந்தாம் பக்கத்தை. "சம்சார சாகரத்தின் அலைகளை ஞானத் தோணியில் ஏறிக் கடக்கக் கடவன்..."

"எடுத்த எடுப்பிலேயே எங்கே தூக்கிண்டு போயிட்டார் பாருங்கோ!" என்று ஒரு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார் கடக்கக் கடவன்னு போடலியே?" என்று யாரோ கேட்டார்.

"அதான் ஓய் விசேஷம். அந்த 'யாரை' நாமதான் தேடணும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஜைதூன் துப்பட்டிக்குள் வாயை மூடிக்கொண்டாள். சுண்டல் பாத்திரம் வரும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடியிருந்த வக்கீல் திறந்துகொண்டதையும் பார்த்தாள்.

வாசிப்பு முடிந்து சுப்பராமன் வெளியே வந்தார். நல்ல உயரம், சரிகை அங்கவஸ்திரம். சங்கரன் விழுங்கி விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் நம்பவில்லை. சங்கரன் புத்தகத்தைப் பிரித்து நம்பர் நம்பராகக் காட்டினார்.

"இதோ பாருங்கோ ஸார், இந்த நடுப்பக்கம். இடது பக்கம் அறுபத்துநாலு, துக்க நிவாரண அத்தியாயம். எதிர்ப்பக்கம் முப்பத்துமூணு. அது நீங்க பகல் தூக்கம் கெடுதல்னு எழுதின இடம். தூங்கிட்டா எழுந்தவுடனே என்ன பண்ணணும்னு சொல்றது. ரெண்டும் ஒட்டிண்டுடுத்து."

சுப்பராமன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இந்தப் புத்தகத்தை அவர் படிப்பது இதுவே முதல் தடவை என்று ஜைதூனுக்குத் தோன்றியது.

"யார் பண்ணினது இதை?"

"நான்தான்" என்றாள் ஜைதூன். "அடுக்கும்போது கை மாறிப் போச்சு."

"கை மாறிப்போச்சா! வருஷக் கணக்கா சிந்திச்சு எழுதினது அம்மா இது! உன் கை மாறினா என் நூல் என்ன ஆறது? சங்கரன், இந்த ஆட்களுக்கு இனிமே ஒரு துண்டுக் காகிதம் போகப்படாது. உங்க முதலாளிட்ட நானே பேசறேன். இந்தப் பதிப்பு பூராத்தையும் திருப்பி வாங்கிக் கொளுத்தணும்."

மெஹபூப் பாஷா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மகள் பேர் அதில் வந்துவிடும் என்று தெரிந்து ஜைதூன் அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது ஹாலிலிருந்து ஒரு பெண் விடைபெற்றுக்கொள்ள வந்தாள். கோபாலபுரம் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, பேர் ஜெயலக்ஷ்மி. புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள் கையிலும் அந்த நீலப் புத்தகம். மூலைகள் மடங்கி, அட்டையில் எண்ணெய்க் கை பட்டிருந்தது. அந்த வீட்டில் ஜைதூன் கண்ட, நிஜமாகவே புழங்கிய பிரதி அது ஒன்றுதான்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். பங்குனில என் பிள்ளை ஜுரத்துல போயிட்டான். உங்களுக்குத் தெரியும். அப்புறம் கார்த்தால எழுந்திருக்கவே பிடிக்கல. ஒருநாள் கண்ணை மூடிண்டு இந்தப் புஸ்தகத்தைத் திறந்தேன். இந்தப் பக்கம் வந்துது. மறுநாளும் இதேதான் வந்துது. தெய்வமே பிரிச்சுக் காட்டறாப்பல." அவள் நடுப்பக்கத்தைப் பிரித்துக் காட்டி, பார்க்காமலே சொன்னாள். "'துக்கம் நெஞ்சை அடைத்து மூச்சு முட்டுகிற வேளையில் மனிதனானவன் முகத்தைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க உட்கார வேண்டும்.' இத்தனை பேர் வந்து எனக்கு என்னென்னவோ சொன்னா மாமா. ஆத்மாங்கறா, கர்மாங்கறா. ஒருத்தரும் மூஞ்சியக் கழுவுன்னு சொல்லல. தானும் அழுதவாளாலதான் இப்படி எழுத முடியும்."

ஜைதூனின் கை புருஷனின் முழங்கையை விட்டது. குழாயடி ஈரம் காலில் பட்டது போலிருந்தது. மெஹபூப் பாஷா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. அவள் சுப்பராமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுப்பராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். "அனுபவம் அம்மா" என்றார். "அனுபவத்துல வர வாக்கியம். நாமா எழுதறதில்லே. அதுவா வரது."

ஜைதூனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சங்கரனுக்குப் புரியவில்லை.

ஜெயலக்ஷ்மி படியிறங்கினாள். சுப்பராமன் புத்தகத்தை மூடிச் சங்கரனிடம் நீட்டினார். குரல் இறங்கியிருந்தது. "சங்கரன், ரெண்டாம் பதிப்பும் இப்படியே இருக்கட்டும்."

"இப்படியேன்னா ஸார்?"

"இந்த வரிசையிலேயே. நம்பரை மட்டும் ஒண்ணுலேருந்து மாத்திப் போட்டுடு."

"முதல் பக்கம் பாதி வாக்கியத்துல ஆரம்பிக்கறது ஸார். கடைசியிலயும் அந்தரத்துல நிக்கறது."

"முடிவில்லாம இருக்கறதுதான் ஆழம். கேட்டியோல்லியோ உள்ளே, எல்லாரும் சொன்னதை?" பிறகு மெஹபூப் பாஷாவின் தலைக்கு மேலே பார்த்துச் சொன்னார். "இவாளே கட்டட்டும். வேற பைண்டர்ட்டப் போனா அவன் ஒண்ணு கிடக்க ஒண்ணு கேப்பான். வெளியில மூச்சு விடப்படாது, தெரிஞ்சுதா?"

"சரிங்க சாமி" என்றார் மெஹபூப் பாஷா. ஏன் கை மாறியது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட் அருகே ஜெயலக்ஷ்மி ஜட்காவுக்காக நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும், "நீங்கதான் பைண்ட் பண்றவாளா? மாமாட்டப் பேசிண்டிருந்தேளே. நன்னாக் கட்டியிருக்கேள். தானாவே அந்தப் பக்கம் திறக்கறது" என்றாள்.

"எந்தப் பொஸ்தகமும் நடுவுலதாம்மா தொறக்கும்" என்றாள் ஜைதூன். வெடுக்கென்றுதான் வந்தது. "மொத்தம் ஆறு ஃபாரம். மூணு இந்தாண்ட, மூணு அந்தாண்ட. நடு இடுக்குல தையலு கொஞ்சம் தளர்வா இருக்கும். கண்ணெ மூடிக்கினு தொறந்தா அதான் வரும். தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மெஹபூப் பாஷா பதறிப்போனார். ஜெயலக்ஷ்மி கோபப்படவில்லை. புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து, நடுவிலிருந்த நூலை உற்றுப் பார்த்தாள். "ஆமாம். நூல் தெரியறது" என்றாள். "இருக்கட்டும். எனக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது."

"எத்தினி வயசு, புள்ளைக்கு?"

"ஏழு."

ஜைதூன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஜட்கா வந்துவிட்டது.

தேனாம்பேட்டை வழியாகவே திரும்பினார்கள். ஏற்றம் நின்றிருந்தது. தோட்டங்களில் ஈர மண் வாசனை. மெஹபூப் பாஷா மூக்கை உறிஞ்சினார்.

"ஜைதூன், அது நீ அன்னிக்கு..."

"வாய மூடிக்கினு வாங்க. ரோட்டுல அழுவாதீங்க."

கொஞ்ச தூரம் நடந்தபின் அவளே பேசினாள். "மூஞ்சியக் கழுவித் தண்ணியக் குடிச்சுட்டு வேலையப் பாருன்னு சொல்ல இவங்களுக்கு ஒரு பொஸ்தகம். அதுவும் நேரா எழுத ஒருத்தனுக்குத் துப்பில்ல. தூங்குமூஞ்சிக்குச் சொன்னதெ அழுவறவளுக்கு ஒட்டிக் குடுக்க வேண்டியிருந்துச்சு. அதுக்குச் சந்தனம், குங்குமம், சுண்டல்!" காறித் துப்பினாள். "அந்தாளு சொன்னதெப் பாத்தீங்களா? அதுவா வருதாம்."

ஆடிக் காற்றடிக்கும்போது இரண்டாம் பதிப்பின் தாள்கள் வந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு குவியலின் மேலும் ஓட்டுத் துண்டு வைத்து, மெஹபூப் பாஷா இடமிருந்து அடுக்கினார். ஜைதூன் இடமிருந்து நடந்தாள். நம்பரை இரண்டு தடவை பார்த்தார்கள். தப்பாகப் போனது இப்போது ஒழுங்காக அச்சாகி வந்திருந்தது. அதை ஒழுங்காகவே கட்ட வேண்டியிருந்தது.

அட்டை ஒட்டிக் காய்ந்த பிரதிகளை அவள் கடைசியாக ஒரு தடவை கையில் எடுத்தாள். இது வழக்கமில்லாத வேலை. ஒவ்வொன்றையும் சரிபாதியில் பிரித்து, மடிமேல் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் கட்டை விரலை மேலிருந்து கீழே அழுத்தி இழுத்து, மூடி அடுக்கினாள்.

"இன்னா பண்றே? முதுகு விட்டுப் போவும்" என்றார் மெஹபூப் பாஷா.

"போவாது. நடுவுல ரெட்டை நூலு போட்டுத்தான் தச்சிக்கீறேன்."

"எதுக்கு இந்த வேலை? யாரு கேட்டாங்க?"

"தானாத் தொறக்குதுன்னு அந்தம்மா சொல்லிச்சு இல்ல?" ஜைதூன் அடுத்த பிரதியைப் பிரித்தாள். "எவளாவது ஒருத்தி அமுக்கி வுட்டாத்தான் தானாத் தொறக்கும். நீங்க போய்ப் பசையப் பாருங்க, தீயுது."